காவலில் இருப்பவர் மேல் கை வைக்கலாமா?

நம் மண்டிகளில் ஒரு வழக்கம் உண்டு. லாரியிலிருந்து மூட்டை இறங்கும்போதே எடை போட்டு, கிழிசல், நனைவு, குறைவு எது இருந்தாலும் அப்போதே லாரி ரசீதில் எழுதி டிரைவரிடம் கையெழுத்து வாங்கிவிடுவோம். எழுதாமல் லாரியை அனுப்பிவிட்டால் மறுநாள் எத்தனை டெலிபோன் பேசினாலும் பலன் இல்லை. "இறக்கும்போது சரியாகத்தானே இருந்தது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். நஷ்டம் நம் தலையில் விழும்.

சட்டம் பற்றி எழுத வந்தவன் மூட்டைக் கதை சொல்கிறானே என்று வாசகர்கள் எண்ண வேண்டாம். போலீஸ் காவலிலோ சிறையிலோ இருக்கும் மனிதனை அதிகாரிகள் அடிக்காமல் இருக்க நம் நாட்டில் ஏற்படுத்தியிருக்கும் பாதுகாப்பும் இதே முறையில்தான் அமைந்திருக்கிறது. ஸ்டேஷனிலிருந்து டாக்டரிடம், டாக்டரிடமிருந்து மாஜிஸ்திரேட்டிடம், அங்கிருந்து சிறைக்கு என்று ஆள் கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் ஒருவர் அவன் உடம்பைப் பார்த்து எழுத வேண்டும். பார்க்காமல் கையெழுத்துப் போட்டால் சட்டம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஒன்றும் நடக்காது.

நம்மவர்களுக்கு இது எப்படி விளங்கியது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2020 ஜூன் 19, கொரோனா ஊரடங்குக் காலம். தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் குறித்த நேரத்துக்கு மேல் கடை திறந்திருந்ததாகச் சொல்லி வணிகர் ஜெயராஜைப் போலீசார் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். செல்போன் கடை நடத்திய அவர் மகன் பென்னிக்ஸ், அப்பாவைத் தேடிக்கொண்டு பின்னாலேயே போனார். இருவரும் வீடு திரும்பவில்லை. 22-ஆம் தேதி இரவு மகனும், 23-ஆம் தேதி அதிகாலை தந்தையும் கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் இறந்தார்கள். அந்த வாரம் நாம் கடையடைத்தோம்.

கடையடைத்த கோபத்தில் ஒரு விஷயத்தை நாம் சரியாகக் கவனிக்கவில்லை என்பது என் எண்ணம். ஸ்டேஷனிலிருந்து சிறைக்குள் போவதற்குள் அந்த இருவரும் எத்தனை கை மாறினார்கள்? 20-ஆம் தேதி சாத்தான்குளம் அரசு மருத்துவமனையில் அவர்களை டாக்டர் பார்த்தார். சிறைக்கு அனுப்பலாம் என்று சான்று கிடைத்தது. பிறகு மாஜிஸ்திரேட். ரிமாண்ட் உத்தரவு கிடைத்தது. பிறகு சுமார் 100 கிலோ மீட்டர் தூரத்தில் கோவில்பட்டி கிளைச் சிறை. அங்கேயும் உள்ளே எடுத்துக்கொண்டார்கள். ரத்தம் நிற்காமல் கைலியை மாற்றி மாற்றிக் கட்ட வேண்டியிருந்தது என்று குடும்பத்தாரும் நண்பர்களும் பின்னால் சொன்னார்கள். "தரையில் உருண்டதில் ஊமைக்காயம்" என்பது போலீசார் எஃப்.ஐ.ஆரில் எழுதிய கணக்கு. மூன்று இடத்தில் எவராவது ஒருவர் சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்து, கண்டதைக் கண்டபடி எழுதியிருந்தால், அவர்கள் போயிருக்க வேண்டிய இடம் பெரிய ஆஸ்பத்திரி.

இன்னொன்றும் உண்டு. அவர்கள் மேல் போட்ட பிரிவுகள் எதுவும் ஏழு ஆண்டுக்கு மேல் தண்டனை உள்ளவை அல்ல. அப்படிப்பட்ட குற்றச்சாட்டில் கண்ணை மூடிக்கொண்டு கைது செய்யக் கூடாது, ஏன் கைது அவசியம் என்பதைப் போலீசார் எழுதிக் காட்ட வேண்டும், மாஜிஸ்திரேட்டும் அதைப் படித்துப் பார்த்துத்தான் ரிமாண்ட் செய்ய வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2014-லேயே அர்னேஷ் குமார் வழக்கில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தது. ஆறு வருஷம் கழித்தும் அந்தத் தீர்ப்பு சாத்தான்குளம் வரை வந்து சேரவில்லை.

மதுரை உயர் நீதிமன்றக் கிளை யாரும் மனுப் போடக் காத்திராமல் தானே வழக்கை எடுத்தது. கோவில்பட்டி மாஜிஸ்திரேட் ஸ்டேஷனுக்கு விசாரிக்கப் போனபோது அங்கிருந்தவர்கள் ஒத்துழைக்கவில்லை. கேமராப் பதிவைக் கேட்டால், டிஸ்க்கில் தாராளமாக இடம் இருந்தும் தினமும் தானாக அழிந்துவிடும்படி அமைத்து வைத்திருந்தது தெரிந்தது. கணக்கைத் தினமும் கிழித்துப் போடும் கடையை வரி அதிகாரி விடுவாரா? கடைசியில் ஸ்டேஷனையே வருவாய்த் துறையின் பொறுப்பில் விட நீதிமன்றம் உத்தரவிட்டது. இதற்கு முன் இப்படி ஒன்றை நான் கேள்விப்பட்டதில்லை. அங்கேயே வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர், இரவு முழுதும் அடித்ததையும், லத்தியிலும் மேசையிலும் ரத்தக் கறை இருந்ததையும் பயந்துகொண்டே சாட்சியாகச் சொன்னார். பத்துப் போலீசார் கைதானார்கள். ஒருவர் கொரோனாவில் இறந்துபோக, மற்ற ஒன்பது பேர் மேல் சி.பி.ஐ. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அந்தப் பெண் காவலரின் வாக்குமூலம் இல்லாவிட்டால் வழக்கு எங்கே நின்றிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

சரி, சட்டத்துக்கு வருவோம். போலீசார் பலத்தையே பயன்படுத்தக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. கைதாக மறுத்து முரண்டு பிடிப்பவனைப் பிடிக்கத் தேவையான அளவு பலம் பயன்படுத்தலாம். பிடித்த பிறகு, அவன் தப்பிப் போகாமல் இருக்க எவ்வளவு தேவையோ அதற்கு மேல் ஒரு கட்டுக்கூட அதிகம் கூடாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 49-ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 46-ஆவது பிரிவு. இந்த வரியைப் படித்தால், லாக்கப்புக்குள் உட்கார்ந்திருப்பவனை அடிக்கும் அடி எதுவும் சட்டத்துக்குள் அடங்காது என்பது புரியும். உள்ளே இருப்பவன் எங்கே ஓடப் போகிறான்?

இன்று புத்தகத்தில் இருக்கும் இந்தப் பாதுகாப்புகளில் முக்கியமானவை பலவும் ஒரு தபாலில் தொடங்கியவை என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நாம் கடிதத்தில் வியாபாரம் செய்து வளர்ந்தவர்கள் ஆயிற்றே, அதனால் இதைச் சொல்லாமல் விட மனமில்லை.

முதல் கடிதம் டெல்லி திகார் சிறையிலிருந்து வந்தது. மரண தண்டனைக் கைதியான சுனில் பத்ரா என்பவர், பக்கத்தில் இன்னொரு கைதியைத் தலைமை வார்டர் காசு பிடுங்குவதற்காகக் கொடூரமாகச் சித்திரவதை செய்ததைச் சுப்ரீம் கோர்ட் நீதிபதி ஒருவருக்கு எழுதினார். தனக்காக எழுதவில்லை, அடுத்தவனுக்காக எழுதினார். அந்தக் கடிதத்தையே ஆட்கொணர்வு மனுவாக எடுத்துக்கொண்டு 1979 டிசம்பரில் நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதினார். சிறைக்குள் போனதால் ஒருவன் அடிப்படை உரிமைகள் எல்லாவற்றையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போவதில்லை. அடிப்பது, தனிமையில் போடுவது போன்றவற்றை அதிகாரிகள் தம் இஷ்டத்துக்குத் தண்டனையாகக் கொடுக்க முடியாது. கைதிகள் புகார் போடப் பெட்டி வைக்க வேண்டும், அதைத் திறந்து பார்க்கும் பொறுப்பு மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கும் செஷன்ஸ் நீதிபதிக்கும் உண்டு. அவர்கள் சிறைக்கு நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் உத்தரவானது. பெட்டியின் சாவி சிறை அதிகாரியிடம் இல்லாதபடி செய்ததுதான் சூட்சுமம். கல்லாச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் கணக்கு நேராக இருக்கும்.

இரண்டாவது கடிதம் மேற்கு வங்கத்திலிருந்து 1986 ஆகஸ்டில் வந்தது. இலவச சட்ட உதவி அமைப்பு ஒன்றின் தலைவரான டி.கே. பாசு, லாக்கப் மரணங்கள் பற்றிப் பத்திரிகைகளில் வந்த செய்திகளைக் குறிப்பிட்டுத் தலைமை நீதிபதிக்கு எழுதினார். அதற்குப் பத்து வருஷம் கழித்து, 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. பதினொரு கட்டளைகள். அவற்றை இங்கே வரிசையாக எழுதி வாசகர்களைத் தூங்கவைக்க மாட்டேன். நமக்கு வேண்டியவை சில. கைது செய்யும் இடத்திலேயே கைதுக் குறிப்பு எழுதி, தேதியும் நேரமும் போட்டு, குடும்பத்தார் ஒருவரோ ஊர்ப் பெரியவர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கைதானவரும் கையெழுத்துப் போட வேண்டும். அவர் கேட்டால் அப்போதே உடம்பைப் பார்த்து, சிறிய காயம் பெரிய காயம் எல்லாம் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டு ஒரு நகலை அவரிடம் கொடுக்க வேண்டும். காவலில் இருக்கும் வரை 48 மணி நேரத்துக்கு ஒரு முறை டாக்டர் பரிசோதிக்க வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்ல வேண்டும். இவற்றில் பெரும்பாலானவை பிறகு சட்டத்திலேயே ஏறிவிட்டன. டாக்டர் காயத்தை மட்டும் எழுதினால் போதாது, அந்தக் காயம் ஏறத்தாழ எப்போது பட்டது என்பதையும் எழுத வேண்டும், நகல் கொடுக்க வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. நேரத்தை எழுதிவிட்டால், அடி ஸ்டேஷனுக்கு வெளியே பட்டதா உள்ளே பட்டதா என்ற வாதத்துக்கு விடை கிடைத்துவிடும்.

மூன்றாவது கடிதம் ஒரு தாய் எழுதியது. ஒரிசாவில் 1987 டிசம்பர் 1-ஆம் தேதி போலீசார் கூட்டிப் போன அவர் மகன், 22 வயதுப் பையன், மறுநாள் ரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தான். தப்பி ஓடி ரயிலில் அடிபட்டான் என்றது போலீஸ். நீலாபதி பெஹரா என்ற அந்த அம்மையார் 1988-ல் சுப்ரீம் கோர்ட்டுக்கு எழுதினார். 1993-ல் கோர்ட் ஒன்றரை லட்சம் ரூபாய் நஷ்ட ஈடு கொடுக்கச் சொன்னது. தொகை சிறியதுதான். ஆனால் அதில் அடங்கிய கொள்கை பெரியது. அது எவ்வளவு பெரியது என்று தெரிய, ஒரு நகை வியாபாரியின் கதையைக் கேட்க வேண்டும்.

1947 செப்டம்பர், நாடு பிரிந்த சமயம். அமிர்தசரஸ் நகரின் கஸ்தூரிலால் ரலியாராம் ஜெயின் என்ற கடையின் பங்குதாரர் ரலியாராம், நூற்று மூன்று தோலாவுக்கு மேல் தங்கமும், இரண்டு மணங்குக்கு மேல் வெள்ளியும் விற்க எடுத்துக்கொண்டு நடுராத்திரியில் மீரட் ரயில் நிலையத்தில் இறங்கினார். சந்தேகத்தின் பேரில் போலீசார் அவரை லாக்கப்பில் வைத்து, சரக்கையும் எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் ஜாமீனில் விட்டார்கள். பிறகு வெள்ளி திரும்பி வந்தது. தங்கம் வரவில்லை. அதைப் பொறுப்பில் வைத்திருந்த ஏட்டு தங்கத்தோடு பாகிஸ்தானுக்குப் போய்விட்டார். வியாபாரி அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட்டார். 1964-ல் சுப்ரீம் கோர்ட், போலீசார் கவனக் குறைவாக இருந்தது உண்மைதான், ஆனால் அது அரசு தன் ஆட்சி அதிகாரத்தைக் கொண்டு செய்த காரியம், அதற்கு நஷ்டம் கேட்க முடியாது என்று தள்ளிவிட்டது. பதினேழு வருஷ வழக்கு! நீலாபதி பெஹரா வழக்கிலும் அந்தத் தீர்ப்பு குறுக்கே வந்து நின்றது. அது சொத்துக்கான சிவில் வழக்கு, இது மனித உயிர் பற்றிய அடிப்படை உரிமை, இங்கே அந்தச் சாக்கு எடுபடாது என்று கோர்ட் ஒதுக்கி வைத்தது. காவலில் போன உயிருக்கு அரசாங்கம் பதில் சொல்ல வேண்டும் என்பது அதிலிருந்துதான் உறுதிப்பட்டது.

இதுவரை எழுதியதெல்லாம் போலீசார் செய்ய வேண்டியவை. இனி எழுதப்போவது நம்மைப் பற்றி. சிலருக்குக் கசக்கலாம்.

1987-ல் தீபாவளிக்கு முந்தைய வாரம் எங்கள் மண்டிக் கல்லாவில் நாலாயிரம் ரூபாய் குறைந்தது. அன்றைக்கு அது பெரிய தொகை. மூன்று வருஷமாகக் கடையில் இருந்த பையன் ஒருவன் மேல் எனக்குச் சந்தேகம். தெரிந்த ஏட்டையாவிடம் போய், "கொஞ்சம் கூட்டி வச்சு விசாரிங்க" என்றேன். விசாரிப்பது என்றால் என்ன என்பது கடைவீதியில் யாருக்குத்தான் தெரியாது? எனக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். புகார் எழுதிக் கொடுக்கவில்லை, எஃப்.ஐ.ஆர். இல்லை, ஒரு சீட்டும் இல்லை. பையனின் அம்மா கடை வாசலில் வந்து நின்று, "மொதலாளி, எம் புள்ள எடுக்கலைங்க" என்று சொன்னபோது நான் மிளகாய் வற்றல் ஏலத்துக்கு நேரமாகிறது என்று எழுந்து போய்விட்டேன். இரண்டாம் நாள் பையன் ஒப்புக்கொண்டான் என்று ஆள் வந்து சொன்னார்கள். பணத்தை அக்காளுக்குக் கொடுத்துவிட்டானாம்.

மூன்றாம் நாள் சிட்டையைப் புரட்டிக்கொண்டிருந்த என் தகப்பனார் திடீரென்று தலையில் கை வைத்துக்கொண்டார். வெல்லம் ஏற்றி வந்த லாரிக்கு வாடகையும் முன்பணமுமாக அவரே கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார். எழுத மறந்துவிட்டார். நான் ஸ்டேஷனுக்கு ஓடினேன். பையனை வெளியே விட்டார்கள். உள்ளங்கை இரண்டும் வீங்கி, தராசுக் கொக்கியைப் பிடிக்க முடியாத நிலையில் இருந்தான். சம்பளமும் வைத்தியச் செலவும் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லை. இல்லாத பணத்தை எடுத்தேன் என்றும், அக்காளிடம் கொடுத்தேன் என்றும் அவனைச் சொல்லவைத்தது எது என்று இத்தனை வருஷம் கழித்தும் எனக்குத் தூக்கம் வராத இரவுகள் உண்டு.

போலீசாரிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்று வெள்ளைக்காரன் 1872-லேயே சாட்சியச் சட்டத்தில் எழுதி வைத்ததற்குக் காரணம் இதுதான். புதிய சாட்சியச் சட்டத்திலும் 23-ஆவது பிரிவாக அது நீடிக்கிறது. அடித்து ஒப்புக்கொள்ளவைப்பதைத் தனிக் குற்றமாகவே வைத்திருக்கிறார்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 330, 331. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 120. காயத்துக்கு ஏழு ஆண்டு வரை, கொடுங்காயத்துக்குப் பத்து ஆண்டு வரை சிறை. இந்தப் பிரிவை நம்மவர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். ஒப்புதல் வாங்க அடிப்பது மட்டுமல்ல, சொத்தையோ பணத்தையோ திருப்பித் தரவைக்க அடிப்பதும் இதில் வரும். "போலீஸ்காரர்" என்று மட்டும் போடவில்லை, "எவரேனும்" என்று போட்டிருக்கிறது. குடோனில் பையனைப் பூட்டி வைத்து அடிக்கும் முதலாளியும் இதில் அடக்கம். அடிக்கச் சொல்லித் தூண்டியவருக்கும் தூண்டுதல் குற்றம் உண்டு. 1987-ல் இதை யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

சட்டத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. நாலு சுவருக்குள் நடந்ததற்குச் சாட்சி யார்? அடித்தவரும் அவர் கூட்டாளிகளும்தான். காவலில் இருக்கும்போது காயம் பட்டிருந்தால் போலீசார்தான் செய்தார்கள் என்று கோர்ட் அனுமானிக்கலாம் என ஒரு பிரிவைச் சேர்க்கும்படி 1985-ல் சட்டக் கமிஷன் தன் 113-ஆவது அறிக்கையில் சிபாரிசு செய்தது. 2024-ல் வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் அது இடம்பெறவில்லை. அதனால் கேமராவுக்கு முக்கியத்துவம் வந்திருக்கிறது. 2020 டிசம்பர் 2-ஆம் தேதி பரம்வீர் சிங் சைனி வழக்கில், எல்லா ஸ்டேஷன்களிலும் வாசல், லாக்கப், வராந்தா என்று எதுவும் விடுபடாமல், ஒலியும் பதிவாகிற கேமரா வைக்க வேண்டும், பதிவைப் பதினெட்டு மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஒரு வருஷமாவது பாதுகாக்க வேண்டும் என்று உத்தரவானது. சாத்தான்குளம் நடந்து ஆறு மாதத்துக்குள் வந்த தீர்ப்பு இது.

நம் கடைவீதியில் ஒருவரைக் கூட்டிப் போனால் என்ன செய்வது? கூட்டமாகப் போய் ஸ்டேஷன் வாசலில் சத்தம் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அது அரசு ஊழியரைத் தடுத்ததாக இன்னொரு வழக்குக்குத்தான் வழி செய்யும். சங்க நிர்வாகி ஒருவரும் வக்கீல் ஒருவரும் போனால் போதும். எந்த ஸ்டேஷன், எந்தப் பிரிவு, எத்தனை மணிக்குக் கைது என்று கேட்டு, கைதுக் குறிப்பைக் கேட்க வேண்டும். விசாரணையின்போது வக்கீல் முழு நேரமும் உடன் இருக்க முடியாவிட்டாலும், இடையில் சந்திக்க உரிமை உண்டு. கைது இல்லை, சும்மா விசாரணைதான் என்று சொன்னால், அதையே நேரத்தோடு எழுதிக்கொள்ளுங்கள். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 22-ஆவது பிரிவு. அந்தக் கடிகாரம் எப்போது ஓடத் தொடங்கியது என்பதற்கு உங்கள் துண்டுச் சீட்டுதான் ஆதாரம்.

அந்தக் காலத்தில் ஆளைப் பிடித்துப் போனதும் எங்கள் வக்கீல் முதலில் சொல்வது, "ஓடிப் போய் மாஜிஸ்திரேட்டுக்கும் எஸ்.பி.க்கும் தந்தி கொடு" என்பதுதான். தந்தியில் தபால் ஆபீஸ் நேர முத்திரை இருக்கும், யாரும் மாற்ற முடியாது. 2013 ஜூலையில் தந்தியை நிறுத்திவிட்டார்கள். இப்போது ஈமெயில் அதே வேலையைச் செய்கிறது, நேரம் தானாகவே பதிவாகிவிடும். கூடவே ஸ்பீட் போஸ்டிலும் அனுப்பிவிடுங்கள்.

டாக்டர் முன்னாலும் மாஜிஸ்திரேட் முன்னாலும் கைதானவர் வாய் திறந்து சொல்ல வேண்டும். அடித்தவர் பக்கத்திலேயே நிற்கும்போது சொல்வது லேசான காரியமல்ல என்பது எனக்குத் தெரியும். அதற்காகத்தான் வக்கீலும் சொந்தக்காரரும் கோர்ட் வாசலில் இருக்க வேண்டும் என்கிறேன். வக்கீல் வைக்க வசதியில்லாத சுமைதூக்கும் தொழிலாளிக்கும் கடைப் பையனுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். காவலில் மரணம் நேர்ந்தால் நீதித்துறை மாஜிஸ்திரேட் விசாரணை கட்டாயம். 24 மணி நேரத்துக்குள் தேசிய மனித உரிமைக் கமிஷனுக்கும் தெரிவிக்க வேண்டும் என்பது 1993 முதல் உள்ள ஏற்பாடு. அடிபட்டவர் உயிரோடு இருந்து, அந்தக் கமிஷனுக்கோ மாநிலக் கமிஷனுக்கோ புகார் செய்ய நினைத்தால் வெள்ளைத் தாளில் எழுதி அனுப்பினாலே போதும், கட்டணம் இல்லை. ஆனால் சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் அனுப்பிவிட வேண்டும்.